விற்கக் கூடாத மீனுக்கு ஒரு போட்டி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கன்டர்ஸ்வில் என்றொரு ஏரி இருக்கிறது. அதில் பிடித்த பாஸ் மீனை விற்றால் குற்றம். ஒரு நாளைக்கு இத்தனை மீன், இத்தனை அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற கணக்குக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனாலும் அந்த மீனை நம்பி ஏரிக்கரை ஊர்களில் படகுக் கடை, தூண்டில் கடை, விடுதி, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கின்றன. விற்க முடியாத மீன் ஓர் ஊருக்கு எப்படிச் சோறு போடுகிறது என்பதைச் சென்ற அக்டோபரில் மூன்று நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மகள் குடும்பம் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் இருக்கிறது. அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கூரை மேல் வேலை. சனி, ஞாயிறு வந்தால் தூண்டில். தொழில்முறை ஆள் இல்லை. தொழில்முறைக்காரர்கள் 21 அடிப் படகு, 250 குதிரைத் திறன் எஞ்சின் என்று வருகிறார்கள். அந்தப் படகின் விலை நம் கணக்கில் அரைக்கோடி ரூபாயைத் தாண்டும். இவரிடம் இருப்பது கைமாறி வந்த 18 அடிப் படகு, இருபது வருடப் பழசு. அந்த வாரம் சிறிய சங்கம் ஒன்று நடத்திய இரண்டு நாள் போட்டியில் 16 வயது மகனோடு இறங்குவதாக இருந்தார். படகுக்கு இரண்டு பேர். நுழைவுக் கட்டணம் 100 டாலர். 32 படகு. சேரும் பணத்தை முதல் ஆறு இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆறாம் இடத்துக்கு 200 டாலர். நான் விவசாய அதிகாரி என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் படகில் வரச் சொன்னார். போட்டி நாளில் வெளியாள் ஏறக் கூடாது.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஸ்காட்ஸ்போரோ படகுத்துறைக்குக் காரில் ஒரு மணி நேரம். ஏரி என்று சொன்னாலும் அது டென்னசி ஆற்றைத் தடுத்து உண்டான நீர்த்தேக்கம். 1933-இல் அமெரிக்க அரசு தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய அணை, 1939-இல் முடிந்தது. நம் மேட்டூர் 1934. நீர்ப்பரப்பு சுமார் 68,000 ஏக்கர், மேட்டூர் நிரம்பி நிற்கும்போது பரவுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு முன்மாதிரி இந்த ஆணையம்தான். நமக்கு இன்னொரு வகையிலும் உறவு உண்டு. இதே ஆற்றில் இன்னும் கீழே மசில் ஷோல்ஸ் என்ற ஊரில் இந்த ஆணையத்தின் உர ஆராய்ச்சி நிலையம் இருந்தது. டி.ஏ.பி.யைக் குருணையாக உருட்டும் முறை அங்கே உருவானது. நாம் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் உரத்தின் பூர்வீகம் இந்த ஆற்றங்கரை என்று கல்லூரியில் படித்தது படகில் உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது.

அணைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நிலம், கல்லறை, ரோடு எல்லாம் தண்ணீருக்குள் போயின. மீன்காரர்கள் அந்தப் பழைய ஊரை இன்றும் பயன்படுத்துகிறார்கள். படகின் முன்னால் இருக்கும் ஒலியலைக் கருவியின் திரையில் மூழ்கிய ரோட்டின் மேடு, ஓடையின் பள்ளம், வேலி ஓரம் எல்லாம் கோடு கோடாகத் தெரியும். பாஸ் மீன் அந்த ஓரங்களில்தான் ஒதுங்கி நிற்கும். யாரோ ஒரு விவசாயி வண்டி ஓட்டிய ரோட்டின் மேல் பத்தடித் தண்ணீரில் இப்போது மீன் நிற்கிறது. அதைக் காட்டும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அவருடைய பாட்டியின் குடும்பமும் அப்படி எழுந்து போன குடும்பங்களில் ஒன்றாம்.

வேலம்பாசி போய்ச் சேர்ந்த கதை

பாஸ் மீனைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால், நம் விராலின் குணமும் கெண்டையைவிட அகன்ற உடம்பும் சேர்ந்த மீன். முதுகு பச்சை, பக்கத்தில் கறுப்புக் கோடு, வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்திருக்கும். செடிக்குள் ஒளிந்து நின்று, வாய்க்கு எட்டுவதை எல்லாம் விழுங்கும். தவளையும் தின்னும். நம் ஊரில் விராலுக்குத் தவளையைக் கோத்துப் போடுவோமே, அங்கே ரப்பர் தவளை. பாசிப் படுகையின் மேல் அதைத் தத்தித் தத்தி இழுப்பார்கள். திடீரென்று பாசியைக் கிழித்துக்கொண்டு மீன் வந்து அடிக்கும் சத்தம், குளத்தில் தேங்காய் விழுந்ததுபோல் கேட்கும்.

படகு ஒதுங்கிய இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை பச்சைப் படுகை. கையை விட்டு ஒரு கொத்து எடுத்தேன். கணுவைச் சுற்றி நாலைந்து இலை, விளிம்பில் பல், விரலில் தேய்த்தால் சொரசொரப்பு. ஹைட்ரில்லா. நம் குளங்களில் வேலம்பாசி என்று சொல்கிறோமே, அதே செடி.

அது எப்படி அங்கே போனது என்பது சுவையான கதை. 1950-களின் தொடக்கத்தில் மீன் தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவின் டாம்பா நகரத்துக்கு அனுப்பப்பட்டது. வேண்டாமென்று கால்வாயில் கொட்டியது பிடித்துக்கொண்டது. அமெரிக்கத் தெற்கில் பரவிய வகையின் மரபணுவைப் பின்னாளில் சோதித்தபோது பெங்களூருப் பக்கத்துச் செடியோடு ஒத்துப்போனது. அந்த வகையில் அங்கே இருப்பது பெண் செடி மட்டுமே. விதை இல்லாமலே ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவியிருக்கிறது. ஒரு கணு உடைந்து மிதந்து போனால் போதும், போன இடத்தில் வேர் விடும். சேற்றுக்குள் சிறு கிழங்கு வைக்கும், அது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோரையோடு போராடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கன்டர்ஸ்வில்லில் இந்தச் செடியை வைத்து இரண்டு கட்சி. கரையில் வீடும் படகுத்துறையும் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினில் சுற்றும் பாசி சனியன். தூண்டில்காரர்களுக்கு அது பொன். மீன் குஞ்சுகள் ஒளியப் பாசி வேண்டும். அதைத் தின்ன வரும் பாஸுக்கும் பாசி வேண்டும். பாசியைக் குறைக்க ஆணையம் புல் கெண்டையை விட்டது. இனப்பெருக்கம் செய்யாத, மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ள மீன்; விதையில்லாத் தர்பூசணி உண்டாக்கும் அதே உத்தி. பாசி குறைந்தபோது தூண்டில்காரர்கள் கத்தினார்கள், கூடியபோது வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்று: ஏரியில் ஐந்தில் ஒரு பங்கு பாசி இருந்தால் மீனுக்கு நல்லது, முழுக்க அடைத்தால் மீனுக்கே கெடுதல். இரவில் பாசியும் மூச்சு விடும். அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும்.

உயிரோடு வந்தால்தான் முழு எடை

பாஸ் போட்டியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் இதே அலபாமாவின் இன்சூரன்ஸ் முகவர் ரே ஸ்காட். 1967 ஜூனில் ஆர்கன்சாஸ் மாநிலத்து பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து முதல் பெரிய போட்டியை நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் கட்டணம். அந்தக் காலத்தில் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு போட்டி முடிந்தால் நூற்றுக்கணக்கில் மீன் செத்துக் கிடக்கும். ஊர்க்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மீன் தீர்ந்தால் தன் போட்டியும் தீரும் என்று ஸ்காட் கணக்குப் போட்டிருப்பார் போல. 1972 முதல் அவருடைய போட்டிகளில் மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டு, மறுபடி ஏரியில் விடும் முறை வந்தது. மகாத்மா ஆக வேண்டியதில்லை, நல்ல வியாபாரியாக இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இன்று சிறு சங்கத்திலும் அதுதான் விதி. ஒரு படகுக்கு ஐந்து மீன். இந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து கிடைத்த பிறகு பெரியது மாட்டினால் சிறியதை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். செத்த மீன் ஒன்றுக்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம், மொத்த எடையில் கழிப்பார்கள். தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு போச்சு.

ஆகவே படகிலேயே பெரிய சாமான் எஞ்சின் இல்லை என்பேன், மீன் தொட்டிதான். படகின் உடம்பிலேயே குழித்து வைத்த மூடித் தொட்டி. ஒரு பம்ப் ஏரித் தண்ணீரை உள்ளே தள்ளும், இன்னொன்று தொட்டித் தண்ணீரையே சுற்றிச் சுற்றித் தெளித்து காற்றைக் கலக்கும். நம் வாசகர்கள் கேள்விப் பகுதிக்கு, ‘குட்டையில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, ஏன்?’ என்று அடிக்கடி எழுதுவீர்கள். பதில் அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை பிடிக்கும். 30 டிகிரித் தண்ணீரில் ஏழரைதான் நிற்கும். சூடு கூடினால் மீனுக்குத் தேவை கூடும், தண்ணீரில் இருப்பு குறையும். அவர் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மூடியோடு தொட்டியில் போடுகிறார். ஐஸைத் தனியாகக் கொட்டினால் குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்து கரையும். ஏரியின் சூட்டைவிட மூன்று, நான்கு டிகிரிக்கு மேல் குறைக்கவும் மாட்டார். அதிர்ச்சியில் மீன் போய்விடும். மீன் குஞ்சு வாங்கிவந்து பையை அப்படியே குட்டையில் கவிழ்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியும் முன்பே படகுத்துறையில் 32 படகும் நின்றன. முதலில் பிரார்த்தனை, பிறகு தேசிய கீதம்; எல்லோரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். ஒவ்வொரு படகின் தொட்டியையும் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். முந்தின நாளே பிடித்து வைத்த மீனை உள்ளே போட்டுக் கொண்டுவருபவர்கள் உண்டாம். பெரிய போட்டிகளில் ஜெயித்தவரைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைக்கும் வழக்கமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஒஹாயோவில் வேறொரு வகை மீனுக்கு நடந்த போட்டியில் முதல் இடத்துக்கு வந்த மீன்களின் வயிற்றைக் கிழித்தால் ஈயக் குண்டு. அந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார்கள், படகும் பறிபோனது. பருத்தி மூட்டையில் தண்ணீர் தெளிப்பவரைப் பார்த்த நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எண் வரிசைப்படி படகுகள் சீறிக் கிளம்பின. ஓட்டுபவர் உடம்பில் ஒரு கயிறு எஞ்சின் விசையோடு கட்டியிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். பவர் டில்லருக்கும் இப்படி ஒன்று கட்டினால் என்ன என்று யோசித்துக்கொண்டு, பகல் முழுக்கக் கரையில் நடந்தேன். அந்தப் பக்கத்து மேட்டு நிலமெல்லாம் நீள நீளக் கோழிப் பண்ணைகள்.

மூன்று மணிக்கு எடை. மீனைத் தண்ணீர்ப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவருகிறார்கள். நம் ஆள் நான்கு மீன் கொண்டுவந்தார், 12 பவுண்டு 6 அவுன்ஸ். அதில் ஒன்று செத்துவிட்டது. கொக்கியை ஆழமாக விழுங்கி, செவுளில் ரத்தம் வந்த மீன். 4 அவுன்ஸ் கழித்து 12 பவுண்டு 2 அவுன்ஸ். பதினான்காம் இடம். அப்பாவும் மகனும் ஒன்றும் பேசவில்லை. செத்த மீனை எனக்குக் கொடுத்தார். மகள் வீட்டில் என் மனைவி புளி கரைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். சதை வெள்ளை, கெட்டி, முள் குறைவு. விரால் என்று சொல்லிக் கொடுத்தால் நம்பலாம். ஒரு தட்டு அவர் வீட்டுக்கும் போனது. தான் பிடிக்கும் மீனைத் தின்று பத்து வருடம் ஆகிறது என்றார்!

மீனைத் தின்ற இன்னொருவர் கதையையும் அன்று இரவு அவரே சொன்னார். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்று இளம் விவசாயி. பெரும் பஞ்ச காலம். 1932 ஜூன் 2 அன்று மழை பெய்து நிலம் ஈரமாகிவிட்டதால் உழ முடியவில்லை. நண்பனோடு மீன் பிடிக்கப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செயற்கை இரை. மாட்டியது 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்கு மேல். எடை போட்டு ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினார். 75 டாலர் மதிப்புள்ள சாமான் பரிசாக வந்தது. மீனை வீட்டார் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதுதான் உலக சாதனை. 77 வருடம் கழித்து 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் ஓர் அவுன்ஸ் போலக் கூடுதலாக இருந்தது. சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வேண்டும் என்பது விதி என்பதால், இருவருக்கும் சமம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பிவா ஏரியில் பாஸ் மீனைப் பிடித்தால் திரும்ப விடக் கூடாது என்பது சட்டம். அங்கே அது வந்தேறி. சொந்த மீன்களைத் தின்று தீர்க்கிறது. அலபாமாவில் செத்தால் அபராதம், ஜப்பானில் விட்டால் குற்றம். இந்த மீனை இங்கே கொண்டுவந்து வளர்க்கலாமா என்று யாராவது எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி நமக்குச் செய்தது போதும்.

ஊருக்குச் சோறு போடும் கணக்குக்கு வருகிறேன். தண்ணீர் பொதுச் சொத்து. லைசென்ஸ் எடுத்தவர் யாரும் பிடிக்கலாம். 1950-இல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி தூண்டில், கம்பு, உருளை எதுவானாலும் தயாரிப்பாளரிடம் 10 சதவீதம் வரி எடுக்கிறார்கள். அந்தப் பணம் மாநிலங்களின் மீன் வளத் துறைக்கே திரும்புகிறது. எவ்வளவு என்பதை மாநிலத்தின் பரப்பும், லைசென்ஸ் எடுத்தவர் எண்ணிக்கையும் முடிவு செய்யும். லைசென்ஸ் பணத்தை ரோடு போடவோ வேறெதற்கோ மாநிலம் திருப்பினால் மத்தியப் பணம் நின்றுவிடும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. நம் கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடுகிறோம். ஏலத்தில் வந்த பணத்தில் எவ்வளவு அந்தக் கண்மாயின் மடைக்கும் கரைக்கும் திரும்புகிறது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழா நமக்கு உண்டு. பிடித்ததை விற்காமல் சமைப்பதுதான் பல ஊர்களில் வழக்கம். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். வற்றும் கண்மாயில் மீனை விட்டுவைத்து என்ன பயன்? வற்றாத ஏரிக்கு வேறு நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பிறகு மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலை பதினொன்றுக்குள் ரப்பர் தவளையிலேயே ஐந்து மீன். பெரியது ஆறே முக்கால் பவுண்டை நெருங்கியது. மூன்று மணி வரை நேரம் இருக்கிறது; சிறியதை மாற்றினால் முதல் மூன்று இடத்துக்கே போகலாம். பன்னிரண்டு மணிக்குத் தொட்டிப் பம்ப் நின்றுவிட்டது. வெயில் ஏறிவிட்டது. அரை மணி நேரம் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்தன. “திரும்புவோம்” என்றார் அப்பா. “இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே அப்பா, செத்தால் கால் பவுண்டுதானே போகும், ஒரு பெரிய மீன் கிடைத்தால் இரண்டு பவுண்டு வருமே” என்றான் மகன். கணக்கில் அவன் சொன்னது சரி. அப்பா பதில் சொல்லாமல் எஞ்சினை முடுக்கிவிட்டார்.

ஒரு மணிக்கு அவர்கள் படகு மட்டும் தனியாகத் துறைக்கு வந்தபோது ஏதோ விபத்து என்று நினைத்தேன். எடை போடும் மேடை தயாராகவில்லை. அங்கிருந்தவர்களே ஓடிவந்து, காற்றுக் கலக்கும் தொட்டிக்கு மீன்களை மாற்றினார்கள். அப்பா மண்டி போட்டு உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தள்ளிப்போய் டிரெய்லர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

எடை 18 பவுண்டு 2 அவுன்ஸ், ஐந்தும் உயிர். இரண்டு நாள் மொத்தம் 30 பவுண்டு 4 அவுன்ஸ். வரிசை படித்தார்கள். ஆறாம் இடம் 30 பவுண்டு 7 அவுன்ஸ். இவர்கள் ஏழு. சனிக்கிழமை கழித்த 4 அவுன்ஸ் இருந்திருந்தால் 200 டாலர் இவர்களுக்கு. குழம்பில் மிதந்த மீனை நினைத்து எனக்கே சங்கடமாகப் போயிற்று.

மீன்களை விடும்போது மகனும் வந்து நின்றான். நான்கு உடனே இறங்கிவிட்டன. பெரியது மட்டும் துறையின் மரக்காலோரம் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. அவன் குனிந்து அடிவயிற்றில் கை கொடுத்து நிமிர்த்தினான். இரண்டு நிமிடம் போல ஆயிற்று. வாலை ஒரு தட்டுத் தட்டி, அவன் சட்டையை நனைத்துவிட்டுப் போய்விட்டது.

பிறகு படகைக் கரையேற்றி, தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்து, டிரெய்லர் அச்சில் சுற்றியிருந்த பாசியை ஒவ்வொரு கொத்தாகப் பிய்த்தார்கள். அடுத்த ஏரிக்கு அது போய்விடக் கூடாது என்பதற்காக. நானும் கூடப் பிய்த்தேன். திரும்பும் வழியில் மகன் செல்போனில் புதுப் பம்ப் விலை தேடிக்கொண்டு வந்தான். அடுத்த போட்டி நவம்பரில், இதே ஏரியில்.